தொட வேண்டும்

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே
சில்லு கழற்றிய ஒரு பழைய பஸ்.
கூரையிலிருந்து படிவரை நீலப்பொடி.
கலை விழாவாம், பத்து நாள்.
மழையை யாரும் யோசிக்கவில்லை போல.

பலகையில் மூன்று மொழி.
சிங்களத்தில், தொட வேண்டாம்.
ஆங்கிலத்திலும் அதுவே.
தமிழில் மட்டும்
அச்சடித்தவனின் கை வழுக்கி
தொட வேண்டும்.

சொல் கேட்கிற சனம் நாங்கள்.
தொட்டோம்.

முதலில் நாட்டாமை நளீம்,
மூட்டையை இறக்காமலே ஒரு விரல்.
ஹட்டன் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த லோகாம்பிகை
நின்று, பிள்ளையின் உள்ளங்கையை விரித்து
முழுசாய்ப் பதித்தாள்.
நான் முழங்கையால். ஏனென்று தெரியாது.

செக்கியூரிட்டி விமலதாச விசிலடித்து வந்தார்.
எங்கள் வரியை நாங்கள் காட்டினோம்,
தன் வரியை அவர் காட்டினார்.
ஒரே பலகை.
அவர் சிரித்துவிட்டார், பிறகு
சிரித்ததற்காக இன்னொரு விசில்.

அன்றிரவு
நூறாம் நம்பர் பஸ்ஸின் கம்பியில் நீலம்.
வெள்ளவத்தையில் ஏடிஎம் பொத்தானில்,
மாலுபாண் சுற்றிய தாளில்.
எனக்குத் தெரியாத ஒருத்தியின் காதோரம்.

மறுநாள் ‘டு’வின் மேல்
‘டா’ என்று ஒரு ஸ்டிக்கர்,
சற்றே சரிந்து.

இன்று பார்த்தேன்:
அதன் ஒரு மூலையை
யாரோ நகத்தால் கிளப்பியிருக்கிறார்கள்.