பிள்ளை 1

புதன்கிழமை, இரண்டு மணி.
பள்ளி பஸ் போன பிறகு
நூலகத்தில் எங்களை உட்கார வைத்தார்கள்,
முதலாம் ஆண்டுக் குட்டை நாற்காலிகளில்.
முட்டி நெஞ்சில் இடிக்க
பதினொரு ஆசிரியர்கள், ஒரு குமாஸ்தா.

ஈப்போவிலிருந்து வந்த பையன்
ப்ரொஜெக்டரோடு பத்து நிமிஷம் மல்லுக்கட்டினான்.
கடைசியில் திரையில் ஒரு குடும்பம் சிரித்தது:
அப்பா, அம்மா, ஆணொன்று, பெண்ணொன்று,
நால்வருக்கும் ஒரே பல்வரிசை.

"இனிமே லெட்டர் வேண்டாம் டீச்சர்,
கார்டு போதும்."

லெட்டர் எங்களுக்குத் தெரியும்.
தலைமையாசிரியர் கையெழுத்து, பள்ளி முத்திரை,
அடையாள அட்டையின் நகல்.
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரி முகப்பில் நீட்டினால்
பணம் கேட்க மாட்டார்கள்,
ஒரு முழுக் காலையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

கார்டு என்றால் மாதம் எண்பத்து நான்கு ரிங்கிட்,
சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள்.
தனியார் ஆஸ்பத்திரி, தனி அறை, தனி ரிமோட்.
"அது எங்க இருக்கு?" என்றாள் இருதயமேரி.
"ஈப்போல டீச்சர்."
ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒன்றரை மணி நேரம்,
முன்னால் செம்பனை லாரி போகாமல் இருந்தால்.

பிறகு பாரம் கொடுத்தார்கள்.
படிவத்தைப் பாரம் என்றுதான் சொல்வோம் எங்கள் ஊரில்.
அதில் யாரும் சிலேடை பார்ப்பதில்லை.

ஏற்கனவே உள்ள நோய்கள்: ஆம் / இல்லை.

நான்காம் ஆண்டுக்கு நான் தினமும் சொல்வது:
கேள்வியை இரண்டு தடவை வாசி.
பக்கத்துத் தாளைப் பார்க்காதே.

பார்த்தேன்.
விளையாட்டு ஆசிரியர் வீரபத்திரன்
இனிப்புநீருக்கு "இல்லை" போட்டிருந்தார்,
காண்டீனில் எட்டு வருஷமாக தே ஓ கோசோங் குடிப்பவர்.
நானும் போட்டேன்,
துப்பட்டா கழுத்தை மூடியிருக்கிறதா என்று
ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு.

சந்திரமலர் பக்கத்தைத் திருப்பினாள்.
மறுபடி திருப்பினாள்.
"பெற்றோர்னு ஒரு கட்டம் இருக்குமே தம்பி?"
"அது வேற பிளான் டீச்சர். அடுத்த வருஷம் வரலாம்."
துணைவர் என்ற இடத்தில் அவள் எப்போதும்போல்
ஒரு கோடு இழுத்தாள், ஸ்கேல் வைத்து.
அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

வாரம் மூன்று நாள் அவள் அம்மாவுக்கு
இயந்திரம் ரத்தத்தைக் கழுவித் தருகிறது, லெட்டரின் பேரில்.
முப்பது வருஷம் உதிரிப்பழம் பொறுக்கிய அம்மா.
தோட்டத்துக் கிளினிக்கில்
காய்ச்சலுக்கும் கருச்சிதைவுக்கும்
ஒரே ரோஸ் கலர் தண்ணி மருந்து குடித்தவர்.
அதுவும் முதலாளி கொடுத்ததுதான்.
அதற்குப் பாரம் எதுவும் நிரப்பவில்லை.

பாரங்களை வாங்கி அடுக்குவது என் வேலை.
அவளுடையது பன்னிரண்டாவது.

பிள்ளை 1.
பெயர்: அஞ்சலை.
பிறந்த தேதி: 14.8.1952.
ஆண் / பெண்: பெண்.
முழுநேர மாணவரா: இல்லை.
அதற்கும் நேர்மையாகவே பதில் சொல்லியிருந்தாள்.
ஏற்கனவே உள்ள நோய்கள் என்ற இடத்தில்
எங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதியதுபோல
ஓரம்வரை பொடி எழுத்து.

பையன் எட்டிப் பார்த்தான்.
"டீச்சர், இது சிஸ்டத்துல ஏறாதே."

தலைமையாசிரியை புஷ்பலீலா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
சட்டத்துக்கு அஞ்சுகிறவர்,
கழிவறைச் சோப்புக்கும் கணக்கு எழுதுகிறவர்.
முத்திரையை மையில் ஒற்றி
பெயரின் மேல் படாமல், கொஞ்சம் தள்ளி அழுத்தினார்.
"ஏறலைன்னு சிஸ்டமே எழுதி அனுப்பட்டும்."

எனக்கு என் பாரத்தைத் திரும்ப உருவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.
உருவவில்லை. அது ஐந்தாவதாக இருந்தது,
இருதயமேரிக்கும் வீரபத்திரனுக்கும் நடுவில்,
ஒழுங்காக.

வெளியே அவளுடைய பழைய விவா
ரிவர்ஸில் ஒருமுறை முனகிவிட்டுக் கிளம்பியது.
புதன்கிழமை அல்லவா.
நாலரைக்கு அம்மாவின் நாற்காலி காலியாகும்.