பல் இறக்கிய மெசின்

துணியை இழுத்துப் போகிற பற்களை
விசை தட்டிக் கீழே இறக்கிவிட்டால்
மெசினுக்குத் திசை கிடையாது.
ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டு நிற்கும்
யாராவது வழி சொல்லும்வரை.
இந்த வீட்டில்
வழி சொல்ல வேண்டியவள் நான்.

ஏழு வருசம்
ஒரு மீற்றர் அகலத்துக்குள் வேலை செய்தவள்.
முகமாலையில், முகக்கண்ணாடிக்குள் வேர்த்து வழிய,
சிவப்புத்தலைக் கட்டைக்கு இந்தப் பக்கம் நிலம்
அந்தப் பக்கம் என்னவோ.
போன வழியாலேயே திரும்பி வா:
முதல் நாள் சொன்னதும் அதுதான்
கடைசி நாள் உடுப்பைத் திருப்பிக் கொடுக்கையில்
கால்கள் தாமாகச் செய்ததும் அதுதான்.

வட்டக்கச்சியில் இப்போது
மெசினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கதவு,
இரண்டு பியர்ப்பெட்டிகளுக்கு மேல்.
பவானந்தன் ஒன்றும் கேட்காமல் கொண்டுவந்து வைத்தது.
அதற்கு மேல் ஆறடிக்கு ஏழடி ஒட்டுப்போர்வை,
கிளிநொச்சி காமென்ட்ஸ் வெட்டுத்துண்டுகள்
நூற்று அறுபத்தெட்டுச் சதுரம்,
நடுவில் பஞ்சு, அடியில் கட்டில் விரிப்பு.
ஒரு நுனி நழுவினால் முழுதும் நழுவும்
செத்த ஆட்டின் பாரத்தோடு.

"உந்த வெக்கைக்கு ஆருக்கடி போர்வை?"
வேலிக்கு மேலால் மங்களேஸ்வரி.
எனக்கே தெரியாது.

போனில் ஒரு வெள்ளைக்காரி தைத்துக் காட்டுவாள்.
அவள் கதைப்பது விளங்காது,
சத்தத்தை நிப்பாட்டிவிட்டுக் கைகளை மட்டும் பார்ப்பேன்.
வாய்க்கால் தண்ணீர் போல அவளது கோடு
வளைந்து, நெளிந்து, எங்கேயும்
தன்னைத் தான் வெட்டாமல் போகும்.

எனது கோடு அப்படியில்லை.
கால் ஓட, கை ஊர்ந்தால்
எறும்பு முட்டை போலத் தையல்.
கை ஓட, கால் தயங்கினால்
நாய்ப்பல்.
திருப்பிப் பார்த்தால் அடியில்
தூக்கணாங்குருவி ஒன்று
நூலால் கூடு கட்டிவிட்டிருக்கும்.
ஒரு மணித்தியாலம் தைத்தது
இரண்டு மணித்தியாலம் பிரித்தெடுக்க.

முதல் ஊசி முறிந்தபோது, டக்,
இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டது.
மிதியிலிருந்து கால் எழும்பி அந்தரத்தில் நின்றது.
அபிசா விழுந்து விழுந்து சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
இரவு சோறு போடும்போது சிரித்தேன்.

பேனை அசையாமல் நிற்க
கொப்பி ஓடி எழுதுகிற எழுத்து இது.
அப்படி நினைத்த பிறகு கொஞ்சம் லேசாயிற்று.
மஞ்சள் புள்ளிக் கையுறை போட்டு
துணியைத் தள்ளி 'ட' எழுதினேன்,
பிறகு 'ந', பிறகு
நாலு நாள் போராடி ஒரு 'ஞ'.

முப்பதாவது சதுரத்தில்,
"அம்மா, மயில் தக்காளியைக் கொத்துது!"
நிமிர்ந்தேன். கை போனது.
கோடு
தைத்த கோட்டுக்குக் குறுக்கால் ஏறி
அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

காலை எடுத்தேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், எவ்வளவு நேரமோ.
காற்றாடி சுற்றியது.
வெளியில் அபிசா மயிலைக் கலைக்கிற சத்தம்.
நீலத்துணியில் ஒரு சின்னச் சுழி,
அவ்வளவுதான்.

அடுத்த சதுரத்தில் வேண்டுமென்றே வெட்டினேன்.
திரும்பி வந்து மறுபடியும் வெட்டினேன்.
பின்னால், பக்கவாட்டில், தலைகீழாக,
துணியைத் திருப்பாமலே போகலாம் என்று
இத்தனை நாளாய் அந்த வெள்ளைக்காரி
காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கரண்ட் போனது.
ஊசி துணிக்குள் இறங்கியபடி நின்றது.
இடம் தவறாது, விட்டுவிட்டு எழும்பினேன்.

பின்னேரம் சீனி கேட்டு வந்த மங்களேஸ்வரி
கதவில் கிடந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.
ஒழுங்காய் வந்த பதினொரு சதுரங்களை விட்டு
விரல் நேரே அந்தச் சுழியில் போய் நின்றது.
"இது வடிவாயிருக்கு, எப்படிப் போட்டனி?"

கைதவறி வந்தது என்று சொல்லவில்லை.
சீனியைக் கட்டிக் கொடுத்தேன்.
இன்னும் நூற்று முப்பத்தேழு கிடக்கு.