கழுவுநீர்

இரவு ஒன்றரை.
கியூபெக் மலைச்சரிவில்
மேப்பிள் மரங்கள் இன்னும் சொட்டுகின்றன.
பம்பை நிறுத்திய ஒதீல்
கதவில் சாக்பீஸால் எழுதுகிறாள்:
மணிக்கு நானூற்றுப் பத்து கேலன்.
சவ்வு புதிதாய் இருந்தபோது அறுநூறு.

யார் முறை என்ற சண்டையில்
தம்பி ழெர்மேன் படுக்கப் போய்விட்டான்.

காரத்தூள், நாற்பது பாகை வெந்நீர்.
உள்ளே சர்க்கரை தின்று கொழுத்த வழவழப்பு
நுரையோடு இறங்கி வருகிறது
டீ நிறத்தில்,
நனைந்த நாயின் வாடையில்.

பிறகு அலசல்.
கிணற்று நீர் ஆகாது, சுண்ணாம்பு.
மரச்சாற்றிலிருந்து பிரித்த தண்ணீர்,
இனிப்பைப் பறிகொடுத்த தண்ணீர்
தொட்டி நிறையக் காத்திருக்கிறது.
தன்னைப் பிரித்த சவ்வையே கழுவிவிட்டு
ஓடைக்குப் போகிறது,
ஒரு சொல் கேட்காமல்.

போன வருடம் கீழ்ப்பண்ணையில் அவசரப்பட்டார்கள்.
ஒரு பீப்பாய்ப் பாகு முழுக்க சோப்பு.

கையுறை கழற்றி விரல்களைத் தேய்க்கிறாள்.
வழுக்குகிறது.
இன்னும் அரைத் தொட்டி.
வழுக்குகிறது.
இன்னும்.
இப்போது விரலோடு விரல் கிரீச்சிடுகிறது.

ஐந்நூற்று எழுபது.
அறுநூறு இனி வராது.

ழெர்மேனின் ஈரப் பூட்ஸை
அடுப்புப் பக்கம் நகர்த்திவிட்டு
பம்பைப் போடுகிறாள்.
சத்தத்தில் விழித்தால் விழிக்கட்டும்.