அறுபதா, எண்பத்து நான்கா

ஜார்ஜ்டவுன் அலுவலகத்தில்
புவான் நோர்ஹயாத்தி கொடுத்த தாள்
எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது.
காற்றாடிக்குப் பறக்காமல் இருக்க
ஊறுகாய்ப் போத்தலை மேலே வைத்திருக்கிறேன்.

மூன்று கடனட்டை, ஒரு தனிநபர் கடன்.
நான்கையும் ஒரே கயிற்றில் கட்டினால்
மாதம் எழுநூற்று எண்பது வெள்ளி,
அறுபது மாதம்.
இன்று கட்டுவதோ ஆயிரத்து இருநூற்று நாற்பது.
கட்டிவிட்டு, அதே அட்டையைத் தேய்த்துத்தான்
அரிசி வாங்குகிறோம்.
மொண்ட தண்ணீரை அதே கிணற்றில் ஊற்றுவதற்கு
இத்தனை நாள் எங்கள் வீட்டில்
'சமாளிக்கிறோம்' என்று பேர்.

"பொழுதுபோக்குக்கு எவ்வளவு?" என்று கேட்டிருந்தார்.
பூஜ்யம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
"பூஜ்யம் போட்டவர்கள்
நாலாம் மாதம் திரும்பி வருகிறார்கள், காக்."

லோஷினி தூங்கிய பிறகு
சிவநேசனும் நானும் பென்சிலோடு உட்கார்ந்தோம்.
வாடகை, காருக்கு மாதக்கட்டு, பெட்ரோல்,
டியூஷன், கரண்டு, மீன், பால்மாவு.
இரண்டு சம்பளமும் வந்து இத்தனையும் போக,
எழுநூற்று எண்பதும் போக,
மிச்சம் நூற்று எழுபத்திரண்டு.
"பரவாயில்லையே" என்றேன்.

அவர் பேசவில்லை.
தாளை இழுத்து, அச்சடித்த கடைசி வரிக்குக் கீழே
தானே ஒரு கோடு போட்டு எழுதினார்:
நம்பர், எண்பது.

பதினாறு வருடத்தில்
அவர் கையெழுத்து இவ்வளவு சின்னதாகி நான் பார்த்ததில்லை.
புதன், சனி, ஞாயிறு.
பிள்ளை பிறந்த தேதி, எங்கள் கார் எண்,
பாலத்தில் கவிழ்ந்துகிடந்த லாரியின் எண்கூட.

கோபப்பட வாயைத் திறந்தேன்.
ஆனால் பென்சில் இப்போது என் பக்கம் இருந்தது.
சீட்டு, நூற்றைம்பது
என்று நானும் எழுதினேன்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை,
இரவு ஷிப்ட் பெண்கள் பத்துப் பேர்,
நாலு மாதத்தில் முடியும்.
அவருக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

ஐம்பத்தெட்டு வெள்ளி குறைந்தது.
அடுத்த அறையில் பிள்ளை விழித்துவிடாதபடி
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.
சிரிப்புதானா அது, தெரியவில்லை.

"நம்பரை அடியோட நிறுத்திடுறேன்."
"பூஜ்யம் போடாதீங்க."
இருபது என்று எழுதினோம்.
மிச்சம் இரண்டு வெள்ளி.
ஒரு தே தாரிக், இரண்டு பேருக்கு.

தாளில் இன்னொரு பத்தியும் உண்டு:
மாதம் அறுநூறு, எண்பத்து நான்கு மாதம்.
முடியும்போது லோஷினிக்கு இருபது வயது.
அதுவரை புதுக்கடன் கிடையாது,
வீடு வாங்கும் பேச்சும் கிடையாது.
மொத்தத்தில் மூவாயிரத்து அறுநூறு அதிகம்.

"இவ்ளோ காசு சும்மா கொடுக்கணுமா?" என்றார்.
சும்மா இல்லை.
இதில் மாதம் நூற்று எண்பத்திரண்டு நிற்கும்.
ஒரு டயர் வெடிக்கலாம்.
ஒரு பல் வலிக்கலாம்.
ஒரு கல்யாணத்துக்கு மொய்யோடு போகலாம்.
மூச்சுக்கு விலை போட்டிருக்கிறார்கள்,
வாங்க முடிகிற விலைதான்.

என் தம்பி தந்த ஆயிரத்துக்கும்
அடகில் இருக்கும் வளையலுக்கும்
தாளில் இடமே இல்லை.
அந்தத் தவணையைத்
தம்பி மனைவியின் முகத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

காலை ஒன்பதே காலுக்கு வங்கி எண்.
வழக்கமாய்த் தலையணைக்கு அடியில் போகும் போன்.
சிவநேசன் என்னைப் பார்த்தார்,
எடுத்தார், "யா, சாயா" என்றார்.
குரல் ஒருமுறை உடைந்து, சரியானது.

போத்தலைத் தூக்கிப் பார்த்தேன்.
தாளில் ஓர் எண்ணெய் வட்டம்.
அறுபதையும் சுற்றவில்லை, எண்பத்து நான்கையும் சுற்றவில்லை,
சும்மா ஓரத்தில்.
பேனாவைத் தேடினேன்.