நான்காவது பெயர்

தலைக்கு மேலே பாட்டிலைத் தூக்கி
இடுப்புக்குக் கீழே பிடித்த கிளாஸில்
பார்க்காமலே ஊற்றுகிறார்கள் ஆப்பிள் கள்ளை.
பாதி தரைக்கு. தரையில் மரத்தூள்.
அதில் கால் புதைய நிற்கிறோம் நால்வர்:
ஒலாயாவின் பைக்குழல், ஷபெலின் தொண்டை,
செல்மோவின் அக்கார்டியன், என் மேளம்.

அஸ்தூரியாஸ். சனிக்கிழமை.
சுரங்கம் மூடிப் பதினாறு வருஷம்.
ஆறு இப்போது தெளிந்து ஓடுகிறது.
மீன்கூடத் திரும்பிவிட்டது,
வேலைதான் வரவில்லை.

வழக்கம்போல் ஆரம்பித்தோம்.
மாடு மலையேறும் பாட்டு.
கியூபாவுக்குக் கப்பலேறி
ஒற்றைத் தங்கப்பல்லோடு திரும்பியவன் பாட்டு.
குழியில் வாயு தீப்பிடித்ததைப் பாடும்போது
யாரும் கிளாஸைத் தொடவில்லை.
பிறகு அறுபத்திரண்டின் வேலைநிறுத்தம்.

பத்துச் சரணம். எட்டாவதில் ஏழு பெயர்.
எல்லார் காலும் கரியில் கறுத்த ஊரில்
அந்த ஏழு பேர் மட்டும் கருங்காலிகள்.
விடியுமுன் அவர்கள் வேலைக்குப் போன பாதையில்
பெண்கள் மக்காச்சோளம் இறைத்தார்களாம்:
கோழிகளே, கொத்திக்கொண்டு போங்கள்.

இன்றும் அந்தச் சரணம் நெருங்கினால்
பார்க்காரன் மேஜைக்கு மேஜை கிண்ணம் வைப்பான்.
மாட்ரிட்டிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள்
ஏதோ அட்சதை என்று நினைத்து
சிரித்தபடி எங்கள் தலையில் தூவுகிறார்கள்.
உள்ளூர்க்காரர்கள் குறி பார்த்து எறிகிறார்கள்.
ஆறாவது பெயர்க்காரனின் பேத்தி
இங்கேதான் கிளாஸ் கழுவுகிறாள்.
ஈரக்கையைத் துடைத்துவிட்டு வந்து
அவளும் எறிகிறாள்,
எல்லாரையும்விடப் பலமாய்.

நான்காவது பெயர் அவெலினோ.
செல்மோவின் அப்பாவுக்கு அப்பா.

ஏன் போனான் என்பதற்குப் பாட்டில் வரி கிடையாது.
வீட்டில் இரண்டு விதமாய்ச் சொல்வார்களாம்:
காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தை;
சீட்டாட்டத்தில் பட்ட கடன்.
செல்மோவைக் கேட்டால்
இரண்டுக்கும் ஒரே மாதிரி தோளைக் குலுக்குவான்.

மியெரெஸில் கச்சேரி முடிந்த ஒரு ராத்திரி
ஒலாயா மெதுவாய்க் கேட்டாள்:
அந்த இடத்தில் குழலைக் கொஞ்சம் ஏற்றி ஊதட்டுமா,
பெயர் அதில் மூழ்கிப் போகும்.
“போகும்,” என்றான். “தாளமும் கூடவே போகும்.
நாலெழுத்து வேண்டும் அங்கே.
யார் வீட்டுக் கதவைத் தட்டி
வாங்கிவரப் போகிறாய்?”

அதன்பின் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.
ஆனால் நான் மேளக்காரன், எனக்குத் தெரியும்:
மூன்றாம் பெயருக்கும் நான்காம் பெயருக்கும் நடுவில்
அவன் துருத்தி ஒரு மூச்சு கூடுதலாய் விரிகிறது.
அரை மாத்திரை.
அந்த அரை மாத்திரைக்காகக்
குச்சியை அந்தரத்தில் நிறுத்தி வைக்கிறேன்
ஆறு வருஷமாய்.
ஷபெல் ஒருமுறை திட்டினான், நான் பிந்துகிறேனாம்.
ஆமாம் என்றேன்.

இன்று கடைசிப் பாட்டில் ஒரு கட்டை ஊமையாகிவிட்டது.
வேனுக்குள், மஞ்சள் விளக்கடியில்,
பெட்டியை மடியில் சாய்த்துத்
திருப்புளியால் திறந்தான் செல்மோ.
கட்டைகளுக்கு அடியில் ஒரு சோள மணி.
எடுத்துக் காட்டவில்லை, மறைக்கவும் இல்லை.
வாயில் போட்டுக் கடித்தான்.
“போன வருஷத்துச் சோளம்,” என்றான்.
அப்புறம், ஊர் போய்ச் சேர
டீசல் காணுமா என்று கேட்டான்.