ரசமட்டம்

கோட்டையூரில் மூன்றாம் மாடிச் சாரத்தில்
மட்டப்பலகை இழுத்துக்கொண்டிருந்தபோது
கண்ணுக்குள் வெல்டிங் பொறி.
பிறகு கரித்தூள்.
மறுநாள் மூக்கோரம் கீழிருந்து
ஒரு நிழல், சுவரில் ஈரம் ஏறுவதுபோல்.

சிமெண்டுத் தூசி என்றான் ராக்கப்பன்.
கழுவிக் கழுவி மூன்று நாள் போக்கினேன்.

மதுரையில் டாக்டர் ஹெப்சிபா
காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினார்:
பின்சுவரில் ஒட்டிய திரை,
திரையில் ஓட்டை,
ஓட்டை வழியே நீர் புகுந்து
திரை விட்டுப்போயிருக்கிறது.

இதை எனக்கா சொல்ல வேண்டும்!
மழை இறங்கிய சுவரை
விரல் முட்டியால் தட்டினால் பொக்கென்று கேட்குமே.
"வெளிப்பூச்சா, உள்பூச்சா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.
"வெளியே என்றால் விழியைச் சுற்றிப் பட்டை கட்டி
சுவரைத் திரையிடம் தள்ளுவோம்.
உங்களுக்கு உள்ளேதான்.
கூழை எடுத்து, நீரை வடித்து,
கிழிசலைச் சுற்றி லேசரால் பொட்டுப் பொட்டாய்ச் சுட்டு
வாயு நிரப்புவோம்.
குமிழ் மிதக்கும். அது பின்சுவரை அழுத்த
நீங்கள் குப்புறக் கிடக்க வேண்டும்."

கலவை இறுகும்வரை முட்டுக் கொடுப்பது.
புரிந்தது.

பத்து நாள்.
பஸ் திருப்பத்தூர் தாண்டும்போதும் குனிந்தே வந்தேன்.
காரைக்குடி எனக்கு அன்று
நடத்துநரின் செருப்பு.

அழகுமீனாள் ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி நீட்டுவாள்.
மற்ற கண்ணுக்கு அவள் பாதம் மட்டும்.
குதிகாலில் இத்தனை வெடிப்பா!
"பூசிவிடவா?" என்றேன்.
"கெடக்குறதக் கெட" என்றாள்.

பதினோராம் நாள் நிமிர்ந்தேன்.
கண்ணுக்குள் ஒரு நீர்க்கோடு
தலையை எப்படிச் சாய்த்தாலும் மட்டமாய் நின்றது.
கோட்டுக்குக் கீழே கலங்கல்.
மேலே உத்தரம், மின்விசிறி.
நாளுக்கு நாள் கோடு இறங்க இறங்க
காலண்டர் ஆணி,
அவள் நெற்றி, மூக்குத்தி,
ஏதோ திட்டிக்கொண்டிருந்த வாய்.
கடைசியில் மிளகளவு உருண்டை.
தலையாட்டினால் ஓடும்.
ஒரு விடியலில் அதுவும் இல்லை.

நிலைக்கதவு வளைந்திருந்தது.
நானே வைத்த நிலை.
நம்பாமல் தூக்குக்குண்டை இறக்கினேன்.
நூலே நெளிந்து தொங்கியது.

அந்தக் கண்ணை மூடினேன்: நேர்.
திறந்தேன்: நெளிவு.
"கொஞ்சம் பொறுங்க, பாதி சரியாகலாம்"
என்றார் டாக்டர் போனில்.
மீதிப் பாதியைப் பற்றி நான் கேட்கவில்லை.

திங்கள்கிழமை வேலைக்குப் போனேன்.
சாரம் ஏறவில்லை, தரைதளம்தான்.
பூசி முடித்த சுவரைக்
கண்ணை மூடிக்கொண்டு
உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.
ராக்கப்பன், "எப்படி?" என்றான்.

ஓரிடத்தில் கை நின்றது.
"இங்க பொக்கு. உடை."