உப்பு பிடித்த குழாய்

சட்டையைக் கழற்றச் சொன்னேன்.
நெஞ்சில் பதித்த ரப்பர் குமிழ்கள்
வியர்வையில் வழுக்கி வழுக்கி விழுந்து
நான்காம் முறை நின்றன.
ரோஜா நிறக் காகிதத்தில்
மேடும் பள்ளமும் அதனதன் இடத்தில்.

‘வாயுதான் டாக்டர், ஓமத்தண்ணி குடிச்சாப் போயிடும்’
என்றார் அஞ்சாபுலி.
வயது நாற்பத்தொன்பது. பிளம்பர்.
தாழங்குடாவிலிருந்து செம்மண்டலம் வரை
பாதி வீடுகளின் மோட்டார் அவர் பேச்சைக் கேட்கும்.
ஏணியில் மூன்றாம் படி ஏறினால்
நெஞ்சில் ஒரு பிடி. இறங்கினால் விட்டுவிடும்.
மூன்றாம் படி என்பதைத்தான்
சீட்டில் அடிக்கோடிட்டேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு வாய்த்தவை
ஒரு ஸ்டெதஸ்கோப்,
மாதக் கடைசியில் தீர்ந்துபோகும் சர்க்கரைக் குச்சிகள்,
அப்புறம் சந்தேகம்.
அதை மட்டும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்ற முடியாது.
கடிதமாக எழுதிப்
புதுச்சேரிக்கு அனுப்பினேன்:
இதயத்துக்கு ஒரு சி.டி.

முள்ளோடையில் பஸ் நின்றபோது
‘இறங்கலையாண்ணே’ என்றாராம் கண்டக்டர்.
அந்த ஸ்டாப்பைத் தாண்டி இவர் போனது
இதுதான் முதல் தடவை என்றாள்
மனைவி பூமாதேவி, சிரிக்காமல்.

நெஞ்சு வேகமாக அடித்தால் படம் கலங்கும்.
மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்துத்
துடிப்பை அறுபதுக்கு இறக்கியிருக்கிறார்கள்.
மெதுவா, மெதுவா என்று
அவரிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை.
மருந்து ஏறியதும் அடிவயிறு வரை ஒரு சூடு;
நனைத்துவிட்டோமோ என்று
கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம்.
வளையத்துக்குள் ஒரு பொம்பளைக் குரல்:
மூச்சை இழுங்க. நிறுத்துங்க.
‘விடுங்கன்னு சொல்ல மறந்துடுவாளோன்னு இருந்துச்சு.’

படத்தின் உறையை வெயிலுக்குத்
தலைமேல் பிடித்தபடி வந்திருந்தார்.
ஜன்னலில் தூக்கிப் பார்த்தேன்.
கறுப்பில் சாம்பல், சாம்பலில் மூன்று கொடி,
ஒன்றில் வெள்ளையாய்ச் சில பருக்கைகள்.
சுண்ணாம்பு, என்றேன். இருநூற்றுப் பன்னிரண்டு மார்க்.
‘நூத்துக்கா?’
இதில் பூஜ்யம் வாங்கினால்தான் பாஸ்.

கிட்டே வந்து குனிந்தார்.
‘உப்பு பிடிச்சிருக்கு.
ஆசிட் ஊத்தி எடுத்துடலாமா?’

எடுக்க முடியாது.
இந்த மாத்திரையைச் சாப்பிட்டாலும் படிந்தது போகாது,
இன்னும் கெட்டிப்படும்.
கெட்டிப்பட்டால் உடைந்து அடைப்பது குறையும்.
நான் உதாரணம் தேடுவதற்குள்,

‘பழைய ஜி.ஐ. பைப்புல
உப்புதான் ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கும்.
சுத்தம் பண்றேன்னு சுரண்டினா
அன்னிக்கே ஒழுகும்.’

போன வருஷமும் இதே மாத்திரைதான் எழுதினேன்.
அட்டை பிரிக்காமல் பரணில் கிடந்தது.
அன்று நான் சொன்னது ஒரு எண்.

மாத்திரையை வாங்கி அங்கேயே
தண்ணீர் இல்லாமல் விழுங்கினார்.
ராத்திரி போடணும், என்றேன்.
‘ராத்திரிக்கும் போட்டுக்கறேன்.’
ஐயோ, வேண்டாம்!

அவர் வெளியே போனபின்தான்
ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் படித்தேன்.
இதயத்தைத் தேடிப் போன கதிர்
வலது நுரையீரல் ஓரத்தில்
ஒரு புள்ளியையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.
நான்கு மில்லிமீட்டர்.
ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்க்கவும்.
பெரும்பாலும் ஒன்றுமில்லை.
அந்தப் ‘பெரும்பாலும்’ எத்தனை கிராம்,
அதை எதில் மடித்துக் கொடுப்பது?
நான் கேட்டது ஒரு கேள்வி.
கேட்காததற்கும் பதில் வந்திருக்கிறது.

வாசலில் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்.
பின்னால் பூமாதேவி, படத்தை மடியில் வைத்து.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கூப்பிட்டேன்:
‘அஞ்சாபுலி!’
வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.
வண்டி ஒரு தடவை இருமி
நின்றது.